ரைக்ராஃப்டின் பருவங்களும் நவிரமலையின் வழியும்

ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் 'ஹென்றி ரைக்ராஃப்டின் அந்தரங்கக் குறிப்புகள்' 1903ல் வெளிவந்தது. ஆங்கிலக் கட்டுரை என்றால் லாம்ப், ஹாஸ்லிட் என்று கல்லூரிப் பாடத்தில் கிடைத்தவர்களோடு நின்றுவிடுகிற பழக்கம் நமக்கு. கிஸ்ஸிங்கைப் படித்த சிலரும் இதைச் சாந்தமான ஒரு புத்தகமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தச் சாந்தம் எனக்குச் சந்தேகத்துக்கு உரியதாகவே படுகிறது.

வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு பகுதிகள். பேனாவால் பிழைத்துக் களைத்துப்போன ஒரு எழுத்தாளன், வயதான காலத்தில் டெவனில் ஒரு சிறு வீட்டில் தனியாக இருக்கிறான். நடக்கிறான், காட்டுப் பூக்களின் பெயர்களைக் கற்றுக்கொள்கிறான், கதவைத் தட்ட யாரும் வராதது குறித்து ஆனந்தப்படுகிறான். வருஷத்துக்கு 300 பவுன் வருமானம். இறந்துபோன ஒரு நண்பர் எழுதிவைத்துவிட்டுப் போனது. ரைக்ராஃப்டும் இறந்த பிறகு, அவனுடைய தாள்களைப் பருவவாரியாக அடுக்கி வெளியிடுகிறவர் இன்னொரு நண்பர், முன்னுரையில் ஜி.ஜி. என்று கையெழுத்திடுகிறார். ஆக, இப்புத்தகத்தை நடத்துகிற நட்பு இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் சாவின் வழியாக. அதிலும் இரண்டாவது நண்பர் கிஸ்ஸிங்கேதான். தன் தாள்களுக்குத் தானே நண்பனாக வேண்டியிருந்திருக்கிறது அந்த மனிதருக்கு.

டெவனை அவர் எழுதியது பிரான்ஸில் இருந்துகொண்டு. நுரையீரல் கெட்டு, பணமும் நிச்சயமில்லாமல், 300 பவுன் தரும் நண்பர் எவரும் இல்லாமல். 1903 டிசம்பரில், 46 வயதில், பைரனீஸ் அடிவாரத்து ஊர் ஒன்றில் இறந்தார். கடைசி நாட்களில் எச்.ஜி. வெல்ஸ் கடல் கடந்து போய்ப் பார்த்தார். ரைக்ராஃப்டின் இங்கிலாந்து, ஊர் திரும்ப முடியாத நோயாளி கட்டிய இங்கிலாந்து. அதனால்தான் அதன் புல்லில் அவ்வளவு பச்சை.

உண்மையில் அவர் நடந்த வழிகள் புத்தகங்களைப் பற்றிய பக்கங்களில்தான் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஆறு பென்ஸைக் கொடுத்து டிபுல்லஸ் வாங்கியது. கிப்பனின் கனத்த முதல் பதிப்பை வண்டிக்குக் காசில்லாமல் லண்டன் தெருக்களில் இரண்டு நடையாகச் சுமந்து வீடு சேர்த்தது. மூர்மார்க்கெட்டில் இரவல் காசுக்குப் புத்தகம் வாங்கியவர்கள் இந்தப் பக்கங்களில் தடுக்கி விழாமல் போக முடியாது. டெவன் வசந்தத்தைக் காட்டிலும் இந்தச் சுமைதான் எனக்கு முக்கியம்.

இந்தப் புத்தகத்தை ஜவ்வாது மலையில் வைத்து மறுபடியும் படித்தேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் பள்ளி ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர் வீட்டில், ஐப்பசி அடைமழையில் பத்து நாள். பகலில் நான் வாசிப்பேன், இரவில் அவர். 'பசித்தவன் சொல்லும் விருந்துக் கதை' என்றார். என் பிரதியில் வசந்தம் என்ற தலைப்புக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதியது: 'சாமை தீர்ந்த மாதம்.' அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்குப் பருவம் என்பது சாமை விதைப்பும் களையெடுப்பும் அறுப்பும், பிறகு வீட்டில் இருக்கிற தானியம் எத்தனை நாள் வரும் என்பதும். அதே மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கோ மேகமில்லாத மாதங்களே பருவம். இயற்கை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று எழுதுகிறவர்கள் ஒரு வருஷம் அங்கே இருந்து பார்க்கலாம்.

நண்பர் எனக்குப் பதிலாகக் கொடுத்தது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது; 583 அடி. செங்கண்மாத்து நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், போகப்போகும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். செங்கண்மா, ஜவ்வாது மலையின் தென்பக்கத்திலுள்ள இன்றைய செங்கம். நவிரமலையைப் பர்வதமலை என்கிறார்கள். பாட்டில் வரும் சேயாறு இம்மலையில் பிறக்கும் செய்யாறு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைக்காவலரின் கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும், இரவில் எந்தக் குகையில் தங்கலாம், எந்தச் சிற்றூரில் முன்பின் தெரியாதவனையும் உறவினனாக வைத்துச் சோறிடுவார்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். மலையின் ஓசைகளை அடுக்கும்போது அருவியோடு, புலி பாய்ந்த கணவனின் புண் ஆற ஒருத்தி பாடும் பாட்டும் கேட்கிறது. வள்ளைப்பாட்டும் கேட்கிறது. ரைக்ராஃப்டின் நடையில் இத்தனை மனிதர்கள் எதிர்ப்படுவதில்லை. வீட்டு வேலைக்காரியைக்கூட அவன் அவளுடைய மௌனத்துக்காகத்தான் மெச்சுகிறான்.

இது சங்க இலக்கியப் பெருமை பாடுவதற்காக அல்ல. அந்தப் பாட்டும் பரிசிலுக்காகச் செய்தது; நன்னன் புகழ் வரும் இடங்களில் எனக்கு அலுப்புத் தட்டுகிறது. நான் சொல்ல வருவது வடிவம் பற்றி. ஆங்கிலக் கட்டுரையிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'நான்' மலையேறியதும் தனியனாகிவிடுகிறான். மூடுபனியைப் பார்க்கிறான், தன் பிரக்ஞையைப் பார்க்கிறான், இறங்கிவிடுகிறான். பின்னால் வரும் ஒருவனுக்குச் சொல்ல அவனிடம் எதுவுமில்லை. கிஸ்ஸிங்கிடமிருந்து பசியை விட்டுவிட்டு ஓய்வை மட்டும் கடன் வாங்கியிருக்கிறோம்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி, இளவேனில் தொடங்குகிற சமயம், ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அம்மாநிலக் காவல்துறை 20 தமிழகக் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். சாமை தீர்ந்த மாதத்தில் கிளம்பிய பயணம். தரகன் கூட்டிப்போகும் அந்த வழியில் எங்கே பொறி, எந்தப் பக்கமிருந்து கல் வரும், யார் வீட்டில் சோறு என்று ஊர்க் கிழவர்களுக்கும் திரும்பி வந்த சிலருக்கும் தெரியும். நண்பர் தம் பழைய மாணவர்களிடம் அதைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறார். இதுவரை இருபது பக்கம் வந்திருக்கிறது. நடை கரடுமுரடு, பருவவர்ணனை கிடையாது. இந்த வருஷம் நான் படித்ததில் ரைக்ராஃப்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது அது ஒன்றுதான்.