பளிங்கில் பற்றிய கை

தஞ்சையில் ஊழியம் செய்த ஷ்வார்ட்ஸ் பாதிரியாருக்குத் தமிழ்நாட்டில் இரண்டு பளிங்கு நினைவுச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒன்று சென்னைக் கோட்டைக்குள் புனித மரியாள் தேவாலயத்தில். மற்றொன்று தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்து தேவாலயத்தில். இரண்டும் இங்கிலாந்துச் சிற்பிகள் செதுக்கிக் கப்பலேறி வந்தவை. இரண்டிலும் ஒரே காட்சிதான்: 1798 பிப்ரவரியில் தஞ்சையில் அவருடைய கடைசி நேரம். ஒரே மனிதரின் ஒரே மரணத்தை இரண்டு பேர் செதுக்கியதை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு சிற்ப ரசிகருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு முதல் சிற்பம் கூப்பிடு தூரம்தான். மின்ரயிலில் சென்ட்ரல் போய், பார்க் ஸ்டேஷனில் மாறினால் அடுத்த நிறுத்தமே கோட்டை. 1680இல் திறக்கப்பட்ட அந்த தேவாலயத்துக்குள் நுழையுமுன் வெளியே தரையையும் பாருங்கள். பழைய இடுகாட்டிலிருந்து பெயர்த்துவந்த கல்லறைப் பலகைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1758-59இல் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த இடுகாட்டுக் கல்லறைகளையே மறைவிடமாகக் கொண்டு சுட்டார்கள். அதனால்தான் கற்கள் இடம் மாறின.

உள்ளே இருக்கும் ஷ்வார்ட்ஸ் சிற்பம் ஜான் பேக்கன் (இளையவர்) செய்தது. செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. படுக்கையில் பாதிரியார். ஒரு சக ஊழியர் அவர் தலையைத் தாங்குகிறார். ஒரு குழந்தை அவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அவரோ மேலே பார்க்கிறார். அங்கே சிலுவையைச் சுமந்தபடி ஒரு தேவதூதர் இறங்கி வருகிறார். படத்துக்கு மேலே உடன்படிக்கைப் பெட்டி. கீழே ஆயர் கோல், எக்காளம், திறந்த வேதப் புத்தகம். வேலை நேர்த்தி, குறை சொல்ல முடியாது. ஆனால் சிற்பி சொல்லவந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார். அந்தக் குழந்தையின் பிடி ஒன்றே போதுமாக இருந்திருக்கும். தேவதூதர் வந்ததும் அது ஓரத்துக்குப் போய்விடுகிறது.

தஞ்சைச் சிற்பத்தில் தேவதூதர் இல்லை. அதைச் செதுக்கியவர் ஜான் ஃப்ளாக்ஸ்மன், செய்யச் சொன்னவர் இரண்டாம் சரபோஜி மன்னர். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைத் தலைப்பாகை கட்டிய இளம் மன்னர் பற்றியிருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே பாதிரியார் நிற்கிறார். மன்னருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள். கட்டிலருகே பள்ளிச் சிறுவர் மூவர். அவ்வளவுதான். நம் கண் முகங்களைத் தாண்டி நேரே அந்த இரண்டு கைகளில் போய் நிற்கிறது.

அந்தக் கைகளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1787இல் தஞ்சையின் துளஜா மன்னர் சாகக் கிடந்தபோது, தத்தெடுத்த பத்து வயதுப் பிள்ளை சரபோஜியை ஷ்வார்ட்ஸின் பொறுப்பில் ஒப்படைத்தார். ஆனால் ஆட்சி துளஜாவின் சகோதரர் அமர்சிங்கிடம் போனது. பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள்; அங்கே கெரிக்கேதான் ஆசிரியர். ஷ்வார்ட்ஸ் இறந்த அதே 1798இல்தான் சரபோஜிக்கு அரியணை கிடைத்தது. ஆக, சிற்பத்தில் நிற்பவர் சம்பிரதாயத்துக்குத் துக்கம் கேட்க வந்த அரசர் அல்ல. ஒரு மரணப் படுக்கையில் கைமாற்றிக் கொடுக்கப்பட்ட பிள்ளை, இன்னொரு மரணப் படுக்கையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கதை தெரியாதவருக்கும் சிற்பம் பேசும். தெரிந்தவர்கள் அதன் முன்னால் நெடுநேரம் நிற்பார்கள்.

ஃப்ளாக்ஸ்மனுக்கு இந்த அடக்கம் கிரேக்கத்திலிருந்து வந்தது. வெட்ஜ்வுட் பீங்கான் ஆலைக்காகக் கிரேக்க ஜாடிகளின் உருவங்களை வரைந்து பழகியவர் அவர். 1787 முதல் ஏழு ஆண்டுகள் இத்தாலியில் இருந்து பழஞ்சிற்பங்களைப் படித்தார். ஹோமரின் காவியங்களுக்குக் கோட்டுச் சித்திரங்கள் போட்டார். கி.மு. ஐந்து, நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸின் கல்லறைப் பளிங்குகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சியும் இந்தக் கைப்பிடிதான். ஒருவர் நாற்காலியில் இருப்பார், இன்னொருவர் எதிரே நிற்பார், வலக்கையை வலக்கை பற்றியிருக்கும். இருவரில் இறந்தவர் யார் என்று பல கற்களில் உறுதியாகச் சொல்ல முடியாது. போனவர், இருப்பவர் இருவர் முகத்திலும் ஒரே அமைதி.

கைப்பிடி இல்லாவிட்டாலும், அந்தக் கல்லறைப் பளிங்குகளின் உச்சம் என்று ஹெகெஸோவின் கல்லைச் சொல்வேன். கெராமைக்கோஸ் இடுகாட்டில் 1870இல் கண்டெடுத்தது. இன்று ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃப்ளாக்ஸ்மன் அதைப் பார்த்ததில்லை, 1826இலேயே போய்விட்டார். ஒன்றரை மீட்டர் உயரப் பலகை. ஹெகெஸோ நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள், பணிப்பெண் நீட்டிய பெட்டியிலிருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்கிறாள். விரல்களுக்கு நடுவே இப்போது ஒன்றும் இல்லை. நகையை வண்ணத்தால் தீட்டியிருந்தார்கள், வண்ணம் உதிர்ந்துவிட்டது. முக்காட்டுத் துணியின் மெல்லிசு பளிங்கில் வந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பளிங்கு ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கித் திருப்பித் தரும் கல். சில மில்லிமீட்டர் ஆழ வித்தியாசத்திலேயே துணியும் அதன் கீழுள்ள தோளும் தனித்தனியாகத் தெரிவது அதனால்தான். இப்படிப்பட்ட கற்களுக்கு ஏதென்ஸில் செலவு எல்லை மீறிப் போக, கி.மு. 317க்குப் பின் நகரை ஆண்ட ஃபலேரான் ஊர் தெமெத்ரியஸ் சட்டம் போட்டு நிறுத்தினார். அதன்பின் அங்கே சிறு தூண்கள்தான்.

நம் நடுகற்களின் போக்கு வேறு. அங்கே வீரன் வில்லோடும் வாளோடும் நிற்பான், விழுந்த கணமே கல்லில் இருக்கும். ஆனால் அங்கும் மனதைத் தொடுவது நுணுக்கமான ஒரு விவரம்தான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்லில், எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தியோடு அவனுடைய நாயும் இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கல் பட்டறைகளில் இப்போது கறுப்பு கிரானைட்டில் போட்டோவை மெஷின் வைத்துப் பொறித்துத் தருகிறார்கள். கண்ணாடி பிரேம், நரைமுடி எல்லாம் அப்படியே விழுகிறது. அந்த வேலையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கொடுக்கிற படம் பெரும்பாலும் பாஸ்போர்ட் அளவு முகம். அப்பா பேரனின் விரலைப் பிடித்து நடக்கும் படமோ, அம்மா முறத்தோடு உட்கார்ந்திருக்கும் படமோ வீட்டு ஆல்பத்தில் எப்படியும் ஒன்று இருக்கும். கல்லுக்குக் கொடுக்கும்போது கழுத்தோடு வெட்டாமல் அதைக் கொடுங்கள்; கை தெரியட்டும். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.