ஒத்திகையும் அரங்கேற்றமும்: குழந்தைகள் நாடகப் பயிற்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கோடை விடுமுறையில் நடத்தப்பெறும் குழந்தைகள் நாடகப் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் இறுதிநாள் நிகழ்ச்சியைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. இம்முறை ஒத்திகைக் காலத்தில் குழந்தைக்கு நேர்வதைக் கண்ணுக்குத் தெரியாததாக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். 1918ஆம் ஆண்டில் மதுரையிலும் ரஷ்ய நகரமான ஓர்யோலிலும் தொடங்கிய இருவேறு பயிற்சி முறைகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் பயிற்சிக் காலத்தை ஏழாண்டு என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவரின் தகுதியும், அரங்கின் அளவும், எழினி வகையும், தலைக்கோலின் சிறப்பும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. பன்னிரண்டு வயதில் மன்னன் அவையில் ஏறிய அச்சிறுமி அதற்கு முந்தைய ஏழாண்டில் எங்கே தவறினாள், எதில் சலித்தாள், எதைத் தானாகவே மாற்றிச் செய்து பார்த்தாள் என்பவை காப்பியத்திற்குத் தேவைப்படவில்லை. இதற்காக இளங்கோவடிகளைக் குறைகூறுவதற்கில்லை. காதையின் பெயரே அரங்கேற்றம்தான். எனினும், பயிற்சியை அரங்கேற்றத்தின் முன்வாயிலாக மட்டுமே காணும் பார்வை அக்காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. இன்றைய கோடைக்கால நாடக வகுப்பு வரை அது தொடர்கிறது.

ஒத்திகை என்னும் சொல்லே இப்பார்வைக்குத் துணைநிற்கிறது. ஒத்தல், ஒத்துப்பார்த்தல் ஆகியவற்றோடு உறவுடைய அச்சொல், முன்பே முடிவாகிவிட்ட ஒன்றோடு நடிப்பவரைப் பொருத்திப் பார்ப்பதைக் குறிக்கிறது. பிரெஞ்சு மொழியில் இதற்குரிய சொல் மீண்டும் செய்தல் என்று பொருள்படும். ஆங்கிலச் சொல்லின் வேர், உழுத மண்ணை மறுபடியும் கிளறிவிடுதலைக் குறிக்கும் பழம்பிரெஞ்சு வினை. ஜெர்மானியர் வழங்கும் சொல்லுக்குச் சோதித்துப் பார்த்தல் என்பது பொருள். ஒரு சொல்லின் வேரைக் கொண்டு ஒரு பண்பாட்டின் நாடகக் கொள்கையை வரையறுத்துவிட முடியாது. ஆயினும் எதனோடு ஒத்துப்பார்ப்பது என்னும் கேள்வியை நம் சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. குழந்தைகள் நடிக்கும்போது அக்கேள்வி கூர்மை பெறுகிறது.

பிரதி நுழையும் நாள்

தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்விவழி நாடகக் குழுவைத் தொடங்கி, டெல்லியில் குழந்தைகளுக்கான கோடைப் பட்டறைகளை நடத்திவருகிறது. ப.வ. காரந்த் உருவாக்கிய மைசூரு ரங்காயணத்தின் கோடைக்காலக் குழந்தைகள் முகாமான சின்னர மேளாவும் பரவலாக அறியப்பட்டது. தமிழகத்திலும் ஆண்டுத்தேர்வு முடிந்த கையோடு இத்தகைய வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. பத்து நாளோ இருபது நாளோ, அவற்றின் அமைப்பில் ஒரு பொதுத்தன்மை உண்டு.

முதற்பகுதி விளையாட்டுகளால் ஆனது. வட்டமாக நின்று கைதட்டலைக் கைமாற்றுவது, விலங்குபோல் நடப்பது, எதிரே நிற்பவரின் அசைவைக் கண்ணாடிபோல் திருப்பிச் செய்வது, ஒரு துண்டையோ குச்சியையோ வேறொரு பொருளாகப் பாவித்துக் காட்டுவது. இந்நாட்களில் குழந்தை தானே கண்டுபிடிக்கிறது. துண்டு பாம்பாகிறது, மீன் வலையாகிறது, தூங்கும் தம்பியாகிறது. பின்னர் ஒருநாள் பிரதி வகுப்பறைக்குள் நுழைகிறது. காடு, விலங்குகள், மரம் வெட்ட வரும் மனிதன், இறுதியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் அறிவுரை என்பது அப்பிரதிகளில் அடிக்கடி காணப்படும் அமைப்பு. உரக்கப் பேசும் குழந்தைக்குச் சிங்கம் வேடம். கூச்சமுள்ள குழந்தைக்கு மரம். அன்றிலிருந்து எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எந்தச் சொல்லுக்குப் பின் வாய் திறப்பது என்பனவே பயிற்சியாகிவிடுகின்றன. முதல் வாரத்தில் பத்துப் பொருளைக் கண்டுபிடித்த கை, இரண்டாம் வாரத்தில் இரண்டு கிளைகளாக நீட்டியபடி நிற்கிறது.

இங்கே ஆசிரியரின் திறமைக் குறைவைக் காரணமாகக் காட்டுவது எளிது. அது பெரும்பாலும் நேர்மையற்றதும்கூட. இறுதிநாளில் பெற்றோர் வந்து அமர்வர். கட்டணம் செலுத்தியவர்களுக்குத் தம் குழந்தை என்ன கற்றது என்பதைக் காட்டியாக வேண்டும். துண்டு மீன் வலையான கணத்தை அவர்களுக்குக் காட்ட வழியில்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், யாரும் கைதட்டாத அறையில் நிகழ்ந்து முடிந்துவிட்டது.

மதுரை, 1918

குழந்தைகளைக் கொண்டு நாடகம் நிகழ்த்துதலில் தமிழுக்கு மிக விரிவான பட்டறிவு உண்டு. அது கோடைக்காலப் பொழுதுபோக்காக அமையவில்லை. முழுநேரத் தொழிலாக இருந்தது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். வயதுவந்த நடிகர்கள் எழுதியதைப் பேசாமல் மனம்போனபடி பேசியதும், அவர்களுடைய ஒழுங்கின்மையும் அவரைச் சிறுவர்களிடம் திருப்பின என்று நாடக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சிறுவன் சொன்னதைச் சொல்வான் என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை நம்பிக்கை. அவ்வாண்டில் அச்சபையில் சேர்ந்தபோது தி.க. சண்முகத்திற்கு வயது ஆறு.

‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் அவருடைய தன்வரலாறு, பாலர் சபைகளின் உள்வாழ்வை அறிவதற்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. சிறுவனுக்குரிய நாடகப் பகுதியை ‘பாடம்’ என்றே அத்தொழிலில் வழங்கினர். பாடத்தை ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்ததை உடலில் ஏற்ற வேண்டும், பின்னரே மேடை. எழுத்தின் இம்முழுமையான ஆட்சியைச் சிறுவர் மீதான வன்முறை என்று மட்டும் கூறி முடிப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்யாது. பள்ளிக்கூடம் எட்டாத குடும்பங்களிலிருந்து வறுமை காரணமாக வந்த சிறுவர்கள் செய்யுளும் சந்தமும் பேச்சுத் தமிழின் ஏற்ற இறக்கமும் அங்கே பெற்றனர். ம.கோ. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் வெவ்வேறு பாய்ஸ் கம்பெனிகளில் பயின்றவர்கள். சண்முகத்திற்காகவே ஓரிரவில் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தார் என்னும் செய்தி, ஆசிரியரும் சிறுவனின் ஆற்றலுக்கு ஏற்பத் தம் எழுத்தை வளைத்ததுண்டு என்பதைக் காட்டுகிறது. ஒத்துப்போதல் அந்த ஓரிரவிலாவது எதிர்த்திசையில் நிகழ்ந்திருக்கிறது.

இருப்பினும் அம்முறையின் விலையை ஒரே சொல் உணர்த்திவிடும்: மகரக்கட்டு. குரல் உடையும் பருவத்தை எட்டிய சிறுவன் பாட முடியாதவனாகிறான். அவன் ஏற்ற வேடம் வேறொருவனுக்குப் போகிறது. வளர்தல் என்பதே பயிற்சிக்கு நேர்ந்த இடையூறாகக் கருதப்பட்ட அமைப்பு அது.

இதில் எண்ணத்தக்க முரண் ஒன்றும் உண்டு. சுவாமிகளின் நாடகங்களே பின்னர் ஸ்பெஷல் நாடகத்தின் அடித்தளமாயின. அங்கே நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி, நிகழ்ச்சி நாளன்று அவ்வூரில் சந்தித்து, ஒத்திகையே இன்றி விடிய விடிய நடிக்கின்றனர். வள்ளிக்கும் நாரதருக்கும் இடையிலான தர்க்கம் எங்கே நீளும், எங்கே முடியும் என்பது அவ்விரவின் கேள்வி. பாலர் சபையில் ஓயாத ஒத்திகையால் காக்கப்பட்ட அதே எழுத்து, ஒத்திகையே இல்லாத மேடையிலும் உயிர்வாழ்கிறது. எழுத்தைக் காப்பதற்கு ஒத்திகை இன்றியமையாதது என்னும் வாதம் இதன்முன் தளர்கிறது.

ஓர்யோல்: கொள்ளையர் காட்சி

அதே 1918இல் லாட்வியாவைச் சேர்ந்த இயக்குநர் ஆஸ்யா லாட்சிஸ் ஓர்யோல் நகருக்கு வந்தார். போரும் உள்நாட்டுப் போரும் வீடற்றவர்களாக்கிய சிறுவர்கள் சந்தைகளில் கும்பல்களாகத் திரிந்தனர். நகராட்சியின் இல்லத்தில் இருந்த குழந்தைகளுக்கோ உணவும் உடையும் இருந்தன, விளையாட்டு மறந்திருந்தது. லாட்சிஸ் அவர்களைக் கொண்டு பயிற்சியைத் தொடங்கினார். ஓவியம், இசை, பொருள்கள் செய்தல், உடலசைவு, உச்சரிப்பு, உடனுக்குடன் புனைந்து நடித்தல் எனப் பல பிரிவுகள். ஆஸ்கார் வைல்டின் விண்மீன் குழந்தை பற்றிய கதையிலிருந்து மேயர்ஹோல்ட் உருவாக்கிய ‘அலினூர்’ என்னும் நாடகம் அவர் மனத்தில் இருந்தது. அதைக் குழந்தைகளிடம் அவர் முதலில் சொல்லவில்லை. நாடகத்தின் சூழல்களை மட்டும் கொடுத்து நடிக்கச் செய்தார்.

காட்டில் தீயைச் சுற்றி அமர்ந்து கொள்ளையர்கள் தம் செயல்களைப் பெருமையடித்துக்கொள்ளும் காட்சி அவற்றுள் ஒன்று. அதன் ஒத்திகையின்போது தெருச்சிறுவர்களின் கும்பல் உள்ளே வந்தது. இல்லத்துக் குழந்தைகள் அஞ்சினர்; லாட்சிஸ் தொடருமாறு கூறினார். சற்று நேரம் பார்த்த தெருச்சிறுவர்கள், நடித்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிவிட்டுக் கொள்ளையர் எப்படிப் பேசுவர் என்பதைத் தாமே நடித்துக் காட்டினர். அவர்கள் பின்னர் அக்குழுவின் பகுதியாயினர். இறுதி நிகழ்ச்சி ஊர்வலமாக நகருக்குள் சென்றது. அதைத் திருவிழா என்பதே பொருந்தும்.

நாடகப் பயிற்சி பற்றிய பதிவுகளில் இக்கணம் தனித்துவமானது. எதனோடு ஒத்துப்பார்ப்பது என்னும் கேள்விக்கு இங்கே விடை தலைகீழாகிறது. பிரதிக்கு ஏற்பக் குழந்தை திருத்தப்படவில்லை. குழந்தையின் வாழ்வுக்கு ஏற்பக் காட்சி திருத்தப்படுகிறது. திருத்தியவர்களும் ஆசிரியர் அல்லர், சிறுவர்களே.

பெஞ்சமினின் வாதமும் அதன் விரிசலும்

1924இல் காப்ரித் தீவில் லாட்சிஸைச் சந்தித்த வால்டர் பெஞ்சமின், அவருடைய பட்டறிவை அடிப்படையாகக் கொண்டு 1920களின் இறுதியில் பாட்டாளிவர்க்கக் குழந்தைகள் அரங்குக்கான செயல்திட்டம் ஒன்றை எழுதினார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. நிகழ்த்துதல் பயிற்சியின் இலக்கு அன்று. கூட்டுழைப்பின் இறுக்கம் தளரும் இடைவேளையில், ஏறக்குறைய ஒரு குறும்பாக நேர்வது அது என்பது அவர் கருத்து. குழந்தையின் ஒவ்வொரு சைகையும் அது ஆளும் உலகிலிருந்து வரும் அறிகுறி. ஆசிரியரின் வேலை அதைக் கவனித்தல். குழந்தைமீது நேரடியாக ஒழுக்கத்தைத் திணிக்கும் ஆளுமை அங்கே தேவையில்லை. நிகழ்ச்சியன்று குழந்தைகளே பெரியவர்களுக்குக் கற்பிக்கின்றனர்.

கூச்சமுள்ள குழந்தையை மரமாக நிறுத்தும் வழக்கத்திற்கு எதிராக இதைவிட வலிய வாதம் கிடைப்பது அரிது. ஆனால் இதை அப்படியே ஏற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. லாட்சிஸ் பிரதியை மறைத்தார், இல்லாமலாக்கவில்லை. எந்தச் சூழலைக் கொடுப்பது, எப்போது நாடகத்தைப் பெயர்சொல்லி அறிமுகப்படுத்துவது, அச்சுறுத்தும் கும்பல் நுழையும்போது நிறுத்துவதா தொடர்வதா என்பவற்றையெல்லாம் முடிவுசெய்தவர் அவரே. ஆசிரியரின் அதிகாரம் அங்கே மறையவில்லை, இடம் மாறியிருந்தது. கட்டளையாக இருந்தது தேர்வாகவும் பொறுமையாகவும் மாறியது. பெஞ்சமினின் கொள்கை இவ்விடத்தைக் கடந்து செல்லும் வேகம் ஐயத்திற்குரியது. மதுரை வாத்தியாரின் அதிகாரம் வெளிப்படையானது; சிறுவன் அதை அறிந்திருந்தான், அஞ்சவும் ஏமாற்றவும் அவனால் முடிந்தது. மறைந்திருக்கும் பிரதியோடு குழந்தை மல்லுக்கட்ட முடியாது.

சான்றுகளின் தன்மை பற்றியும் கூற வேண்டும். ஓர்யோல் நிகழ்வை அறிவதற்கான முதன்மைச் சான்று, லாட்சிஸ் பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக்குறிப்பு. தம் முறை வென்ற கதையை ஆசிரியரே கூறுகிறார். மதுரையைப் பற்றிக் கூறுபவர் அம்முறையில் வென்று நாடக உலகின் தலைவரான ஒருவர். விலக்கப்பட்ட இல்லத்துக் குழந்தை அந்த மாலையில் என்ன நினைத்தது என்பதோ, குரல் உடைந்து ஊர் திரும்பிய சிறுவனுக்குப் பாடம் எத்தனை நாள் நினைவில் நின்றது என்பதோ இவற்றில் இல்லை. கட்டுப்பாட்டை வலியுறுத்திய மரபும் விடுதலையை வலியுறுத்திய மரபும் இவ்வொரு குறையில் ஒன்றுபடுகின்றன.

கோடை வகுப்புகள் இக்குறையை நிரப்பக்கூடிய இடத்தில் இருக்கின்றன. தொழில்முறைச் சபையின் நெருக்கடி அவற்றுக்கு இல்லை. ஓர்யோலின் பசியும் இல்லை. பிரதி நுழைந்த நாளில் எந்தக் குழந்தை எந்த வசனத்தை மாற்றிச் சொன்னது, அம்மாற்றம் ஏற்கப்பட்டதா, ஏற்கப்படாதபோது அக்குழந்தை மறுநாள் எங்கே நின்றது என்பவற்றை ஓர் உதவியாளர் அன்றாடம் எழுதிவைத்தால், அது குழந்தை நாடக ஆய்வுக்கு நேரடிச் சான்றாகும். மரமாக நின்ற குழந்தை தன் கிளையில் ஒரு பறவையை யாரும் சொல்லாமலே கற்பனை செய்து அதற்கு வழிவிட்டு நின்றிருந்தால், அதுவும் அதில் இடம்பெறும். இப்போது இத்தகைய வகுப்புகள் பலவற்றில் எஞ்சுவன இறுதிநாள் காணொளியும் வருகைப்பதிவேடுமே. பதிவேட்டில் மரத்தின் பெயருக்கு நேரே எல்லா நாளும் வந்ததாகக் குறியிடப்பட்டிருக்கும்.