காவலர் உருவாகும் இடம்: ஜேனட் சானின் ஆய்வு குறித்துச் சில எண்ணங்கள்

காவல் நிலையத்தைக் கடக்கும்போது நடையைக் கொஞ்சம் வேகமாக்கிக் கொள்வது நம் குடும்பங்களில் பலருக்குப் பழக்கம். எனக்கும்தான். அதனாலோ என்னவோ, சமூகவியலாளர் ஜேனட் சான் சக ஆய்வாளர்களோடு எழுதிய ‘ஃபேர் காப்’ (2003) என்ற நூலை இரண்டு முறை படித்தேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறையில் சேர்ந்த 150 பேரை, பயிற்சிக் கல்லூரியிலிருந்து தெரு வரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. பலரும் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். மூத்தவரோடு ரோந்து போகும்போதுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது. வகுப்பில் படித்தது மெல்லப் பின்னுக்குப் போகிறது. ஆனாலும் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதில்லை, ஆளும் யோசித்துத்தான் ஏற்கிறான் என்கிறார் சான். ‘போலீஸ் புத்தி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நமக்கு இது தேவையான திருத்தம்.

படிக்கையில் 1991 டிசம்பர் ஞாபகம் வந்தது. காவிரிக் கலவரம். எங்கள் தெரு முனையில் இரண்டு போலீஸ்காரர்கள். வயதானவர் பீடி பற்றவைத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இளையவர் வந்து, வாசலில் தமிழில் இருந்த பெயர்ப்பலகையைத் தானே கழற்றி என் கையில் கொடுத்து, “ஒளகெ ஹோகி சார்” என்றார். அந்தப் பெரியவரும் ஒரு காலத்தில் இளையவராக இருந்தவர்தானே? நடுவில் என்ன நடந்தது? சானின் ஆய்வு இரண்டு ஆண்டோடு நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய குறை.

இன்னொன்று. அங்கே எல்லோரும் கான்ஸ்டபிளாகத்தான் தொடங்குகிறார்கள். இங்கே கான்ஸ்டபிளுக்கு ஒரு வாசல், சப்-இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, ஐ.பி.எஸ்.ஸுக்கு வேறொன்று. காமன் காஸ், சி.எஸ்.டி.எஸ். அமைப்புகள் 2019இல் வெளியிட்ட அறிக்கை, 21 மாநிலங்களில் ஏறக்குறைய 12,000 காவலர்களிடம் கேட்டது. சராசரி வேலை நேரம் நாளுக்கு 14 மணி. மேலதிகாரிகள் கீழுள்ளவர்களிடம் வீட்டு வேலை வாங்குகிறார்கள் என்று நாலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதிகாரி வீட்டுக் காய்கறிப் பையைச் சுமந்துவிட்டு வருகிறவனுக்கு, எதிரில் நிற்கிறவனை மரியாதையாகக் கூப்பிடு என்று வகுப்பெடுத்தால் எப்படி ஏறும்? இந்த அடுக்குமுறையை அளக்க சானின் சட்டகம் அப்படியே போதாது.

பலகையை 1992 பொங்கலுக்கு மறுபடி மாட்டினோம். அந்த இளைஞர் இப்போது ஓய்வு வயதை நெருங்கியிருப்பார். இத்தனை வருஷத்தில் அவர் என்னவாக ஆனார் என்று யாராவது விசாரித்து எழுதட்டும்; கன்னடத்தில் வந்தாலும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவேன்.