மகனீசியம் 25: ஒரு கருதுகோளும் அதன் சான்றும்

வலுக்குறைந்த காந்தப்புலம் உயிர்க்கலத்தைப் பாதிக்கும் என்ற கூற்றைப் பௌதிகவியலார் எளிதில் ஏற்பதில்லை. புவிக்காந்தப்புலம் 25 முதல் 65 மைக்கிரோதெசுலா வரையானது. அது ஓர் இலத்திரனுக்கு அளிக்கும் சக்தி, வெப்ப அசைவின் சக்தியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கும் ஆகாது. எனினும் இவ்வாதம் முடிவானதன்று. மூலிகச் சோடியொன்றின் தாக்கம் எவ்வழிச் செல்லும் என்பதை இலத்திரன்களின் கறங்கல் நிலை தீர்மானிக்கிறது; அந்நிலையை மெலிந்த புலமும் அணுக்கருவின் கறங்கலும் மாற்றவல்லன. காபன் 13 கொண்டு புச்சச்சென்கோ குழுவினர் இதனை 1976இல் காட்டினர்.

இயற்கை மகனீசியத்தில் 79 வீதம் 24ஆம் சமதானி, 10 வீதம் 25ஆம் சமதானி, எஞ்சியது 26ஆம் சமதானி. கருக்கறங்கல் உடையது 25 மாத்திரமே. அதனைப் பெற்ற கைனேசு நொதியங்கள் அடினோசீன் முப்பொசுபேற்றைப் பன்மடங்கு உண்டாக்குவதாக அக்குழுவினர் 2005 முதல் எழுதினர். ஒரென்பூர்க் ஆய்வாளர் ஈ. கோலி பற்றீரியாவின் வளர்ச்சியிலும் சமதானி வேறுபாட்டைக் கண்டதாக அறிவித்தனர். மகனீசியம் 25ஐ இதயத்தசைக்கு மருந்தாக்கும் முன்மொழிவும் எழுந்தது. ஆதலின் இதனை ஆய்வுகூடத்துப் பிணக்கு என ஒதுக்கிவிட முடியாது.

2012இல் டப்ளின் திரினிற்றிக் கல்லூரி ஆய்வாளரும் பிறரும் கிரியேற்றின் கைனேசினை மீளப் பரிசோதித்தனர். சமதானி விளைவோ புல விளைவோ தென்படவில்லை. இரசாயனவியலாரின் தடையும் வலிது: மூலிகம் தோன்ற வேண்டுமாயின் மகனீசியம் அயன் ஓர் இலத்திரனை ஏற்றல் வேண்டும், அதற்கு வேண்டிய சக்தியோ மிகப் பெரிது.

நொதியத்தில் நிலைபெறாத விளைவுக்குப் பற்றீரியா சான்றாதல் எங்ஙனம்? கலத்தின் வளர்ச்சி பல காரணிகளின் திரட்சி. வெவ்வேறாகச் செறிவாக்கப்பட்ட சமதானி உப்புகளில் சுவட்டு உலோகங்களின் அளவும் வேறுபடலாம். வளர்ப்புப் பெட்டியின் மின்சூடேற்றிதானே காந்தப்புலம் பிறப்பிக்கும்! 24உம் 26உம் ஒன்றுபோல் நிற்க, 25 மாத்திரம் விலகினாலன்றித் திணிவு வேறுபாட்டை விலக்கவியலாது. இம்மூன்றையும் குறியீடு மறைத்து, வேறோர் ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டுமாறு நாம் கேட்பது மிகையன்று.

பிளேக்மோர் 1975இல் அறிவித்த காந்தநாட்டப் பற்றீரியாவை உலகம் விரைந்து ஏற்றமைக்குக் காரணம் வேறில்லை. நுணுக்குக்காட்டியின் அருகே காந்தமொன்றைத் திருப்பிய எவரும் சேற்றுநீரில் அவை திரும்பி நீந்தியதைக் கண்டனர்.