நிழல் விழாத நண்பகல்

ஏப்ரல் 12, பகல் 12:20. தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றின் நடுநிலைப்பள்ளி முற்றம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மீட்டர் குச்சியைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் நீண்டு கிடந்த நிழல் ஒடுங்கி ஒடுங்கிக் குச்சியின் காலடிக்குள்ளேயே புகுந்துவிட்டது. “சார், நெழலக் காணோம்!” என்று ஒருவன் கத்தினான். “எங்க போச்சுலே? நீதான பாத்துக்கிட்டு இருந்தே” என்று அவனையே கேட்டுவிட்டு, ஆசிரியர் விலகிப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

அந்த விலகி நிற்றலை இன்றும் நினைத்து நினைத்து ரசிக்கிறேன். எங்கள் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி நிற்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அடுத்த சங்கதி எது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நம்மைத் தவிக்க விடுவார். வானத்தைக் கற்றுக்கொடுப்பவருக்கும் அந்த அடக்கம் வேண்டும். விடையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமலிருப்பது எளிதல்ல.

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. வடக்கு நோக்கி நகரும் சூரியன் ஏப்ரல் 12 வாக்கில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. சித்திரை பிறக்க ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும். திரும்பி வரும்போது ஆகஸ்ட் 30, 31 வாக்கில் மறுபடி ஒருமுறை. அப்போது மலைப்பக்கமிருந்து வரும் சாரல் மேகம் கெடுத்துவிடலாம். இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட நாலரை மாதமும் நம் ஊரில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது! நண்பகல் நிழல் என்றால் வடக்கே விழுவது என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியைப் பாடப்புத்தகத்தால் கொடுக்க முடியாது, குச்சியால் முடியும்.

குச்சி நடுவதில்தான் கைவேலை இருக்கிறது. ஊர்க் கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கி வந்திருந்தார் ஆசிரியர். தரை மட்டமா, குச்சி செங்குத்தா என்று பார்க்கவே ஒரு காலைப்பொழுது போனது. குச்சியை நடுவாக வைத்துத் தரையில் ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி, பிற்பகலில் அது மறுபடி தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் நூல் பிடித்துச் சேர்த்தால் கிழக்கு மேற்கு. மயமதம் கோயில் கட்டத் திசை காணச் சொல்லும் சங்கு முறை இதுதான். நுனி கூர்மையாக விழவில்லையே என்று ஒரு பெண் குறைப்பட்டாள். நல்ல கண் அவளுக்கு. சூரியன் புள்ளியல்ல, அரைப்பாகை அகலமுள்ள வட்டம்; அதனால் நிழலின் ஓரம் கலங்கியே விழும். அதையும் ஆசிரியர் அன்று சொல்லவில்லை.

மறுநாள் பதில் வந்தது, கண்ணாடி வழியாக. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் சின்னத் துளை விட்டு, வெயிலை இருட்டு வகுப்பறைச் சுவரில் விழவைத்தார். துளை சதுரம், சுவரில் விழுந்ததோ வட்டம். அது சூரியனின் உருவம். பத்தே முக்கால் மீட்டர் தூரத்தில் அந்த வட்டம் பத்து சென்டிமீட்டர் இருந்தது. சூரியன் தன் அகலத்தைப் போல ஏறக்குறைய 107 மடங்குத் தொலைவில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் டேப்பால் அளந்தே கண்டுபிடித்தார்கள். 2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்தின்போது நெல்லையில் மரத்தடியெல்லாம் வளையங்களாக ஒளி கொட்டிக் கிடந்தது இதே கணக்கில்தான். இலை இடுக்குகளே துளைகள்.

இரவுக்கு வெறும் கை போதும். நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் சுமார் பத்துப் பாகை. துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிகூட உயரத்தில் இல்லை. வயல்வெளியில், மூட்டமில்லாத இரவில்தான் அகப்படும். அதன் உயரம்தான் ஊரின் அட்சரேகை. தெற்கே பிப்ரவரி மாத முன்னிரவில் அகத்திய நட்சத்திரம் மூன்று முஷ்டி உயரத்தில் பளிச்சென்று நிற்கும். டெல்லிப் பிள்ளைக்கு அது ஒரு முஷ்டியைத் தாண்டாது. பொதிகையின் முனிவர் பெயரைத் தாங்கிய அந்த நட்சத்திரம் பொதிகைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே காட்சி தருகிறது. ஆறாமீனில் எத்தனை தெரிகிறது, அருந்ததி வசிஷ்டரை விட்டுத் தனியாகத் தெரிகிறாளா என்று கேட்டாலே போதும், பிள்ளைகள் வீடு போய்ப் பாட்டியை மாடிக்கு இழுத்து வருவார்கள்.

தொலைநோக்கி வேண்டாம் என்று சொல்லவில்லை. கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. கூட்டிப்போக வேண்டிய இடம். ஆனால் குச்சிக்குப் பிறகு போக வேண்டும் என்பது என் திடமான எண்ணம். வானம் நகர்வதைத் தன் சுண்ணாம்புப் புள்ளியில் கண்ட பிள்ளைக்குத்தான் நிலவின் பள்ளம் பள்ளமாகத் தெரியும். மற்றப் பிள்ளைக்கு அது இன்னொரு படம்.

வரும் ஏப்ரல் 12-இல் நீங்களும் ஒரு குச்சி நடுங்கள். சென்னையில் அக்கா பிள்ளைகள் இருந்தால் அன்று பகல் 12:10-க்கு அங்கேயும் ஒரு மீட்டர் குச்சியை நட்டு அளக்கச் சொல்லுங்கள். அங்கே ஏழரை சென்டிமீட்டர் நிழல் இருக்கும். அந்த நிழலையும், இரண்டு ஊருக்கும் இடையே உள்ள சுமார் 480 கிலோமீட்டர் தெற்கு வடக்குத் தூரத்தையும் வைத்து, பூமியின் சுற்றளவை உங்கள் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.