கார்டு ரீடரின் இரண்டாம் வரிசை

ஆம்பூர், ராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளில் மாதிரி ஷூவைப் படமெடுப்பவருக்குத் தோலின் ஒவ்வொரு துளையும் தையலும் தெரிய வேண்டும். அதற்குக் கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் பெரிய ‘ரா’ (RAW) கோப்புதான் சரி. அதனால் 64 ஜிபி எஸ்டி கார்டு மளமளவென்று நிரம்பிவிடும். பிறகு கணினியில் இறக்க வேண்டும். வேலூர்க் கல்யாண ஸ்டுடியோக்களுக்கும் இதே பாடுதான்.

தீப்பெட்டியளவு கார்டு ரீடரின் அருமை அங்கே தெரியும். பழைய யுஎஸ்பி 2.0 ரீடர் நொடிக்குச் சுமார் 35 எம்பிதான் கடத்தும். நிரம்பிய கார்டுக்கு அரை மணி நேரம். யுஎஸ்பி 3.0 ரீடரில் நல்ல யுஎச்எஸ்-1 (UHS-I) வகைக் கார்டு 90 எம்பியைத் தொடும். 12 நிமிடம் போதும்.

என்னை மயக்குவது அதற்கு அடுத்த வகையான யுஎச்எஸ்-2. கார்டின் முதுகில் இரண்டாவது வரிசையாகத் தங்கநிற முனைகள். ரீடருக்குள்ளும் அந்த வரிசை இருந்தால் 250 எம்பி வேகத்தில் நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இல்லாவிட்டாலும் கார்டு முரண்டு பிடிக்காது. பழைய வேகத்தில் படங்களைக் கொடுத்துவிடும். பழைய கருவியைக் கைவிடாத இந்த வடிவமைப்பு எவ்வளவு பண்பானது! ரீடர் வாங்கும்போது அதன் அட்டைப்பெட்டியில் ‘யுஎச்எஸ்-2’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ரீடரை, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகுங்கள்.