திறந்த கோப்பும் பகிரப்படாத அறிவும்: பல்கலைக்கழக வளாகங்களிடையே சமூக அறிவியல் தரவுப் பகிர்வு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய அரசின் பெரும் கணக்கெடுப்புகளின் அலகுநிலைத் தரவு இன்று பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எனினும் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்திலும் முனைவர் பட்ட ஆய்விலும் அதன் பயன்பாடு குறைவு. அதே வேளையில், பல்கலைக்கழக ஆய்வாளர்களே களத்தில் திரட்டிய தரவு ஆய்வேடு ஏற்கப்பட்டவுடன் அழிந்துபோகிறது. தரவுப் பகிர்வு என்பது கோப்பைத் திறந்துவைப்பதாக மட்டும் புரிந்துகொள்ளப்பட்டதே இவ்விரு நிலைகளுக்கும் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. வினா எவ்வாறு கேட்கப்பட்டது, விடை எவ்வாறு குறியீடாக்கப்பட்டது என்னும் செய்தியும், அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும் சேர்ந்தாலன்றித் தரவு பகிரப்பட்டதாகாது. தமிழில் கேட்கப்படும் வினாக்களைப் பொறுத்தவரை இச்சிக்கல் கூடுதல் கவனத்துக்குரியது.

திறவுச்சொற்கள்: தரவுப் பகிர்வு, அலகுநிலைத் தரவு, வினாநிரல், ஸ்லேட்டர் கிராமங்கள், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, ஆய்வேட்டுக் களஞ்சியம்

முன்னுரை

சமூக அறிவியல் துறைகளில் ‘தரவு கிடைக்கவில்லை’ என்பது நெடுங்காலம் ஆய்வுக் குறைகளுக்கான பொதுவான விளக்கமாக இருந்தது. இன்று அவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தாது. புள்ளியியல் தரவைப் பரப்புவதற்கான தேசியக் கொள்கை 1999இல் நடைமுறைக்கு வந்தது. தரவுப் பகிர்வு மற்றும் அணுகலுக்கான தேசியக் கொள்கை 2012இல் அறிவிக்கப்பட்டது. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, புள்ளியியல் அமைச்சகத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, இன்ஃப்ளிப்நெட் மையத்தின் வழியாகத் தரவுச் சேவையொன்றை நடத்துகிறது. முன்பு கட்டணம் செலுத்திக் குறுந்தகட்டில் பெறவேண்டியிருந்த கோப்புகளைப் பதிவுசெய்துகொண்ட எவரும் இன்று இறக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு திறக்கப்பட்ட பின்னரும், முதுகலை மாணவர் நூறு பேரிடம் வினாநிரல் நிரப்பிச் சதவீதப் பகுப்பாய்வும் கை-வர்க்கச் சோதனையும் செய்து திட்டக்கட்டுரையை முடிப்பதே பல துறைகளில் வழக்கமாக உள்ளது. திறந்த தரவுக்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள இத்தொலைவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டமைப்பு என்னும் முன்மாதிரி

தரவுப் பகிர்வுக்கு மிகுதியாகச் சுட்டப்படும் முன்மாதிரி, 1962இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வாரன் மில்லர் முன்னெடுப்பில் உருவான பல்கலைக்கழகங்களிடைக் கூட்டமைப்பு ஆகும். அரசியல் ஆய்வுக்கென அமைந்த இது 1975இல் தன் பெயரில் ‘சமூக’ ஆய்வையும் சேர்த்துக்கொண்டது. உறுப்பு நிறுவனம் ஆண்டுக் கட்டணம் செலுத்தும். அதன் ஆசிரியரும் மாணவரும் தரவைத் தனிக்கட்டணமின்றிப் பயன்படுத்துவர். தொடக்கத்திலிருந்தே இதனுடன் இரண்டு ஏற்பாடுகள் இணைந்திருந்தன. ஒவ்வொரு வளாகத்திலும் கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். 1963 முதல் கோடைக்காலப் பயிற்சி நடைபெறும். தரவை வைத்திருப்பதும் அதனைக் கையாளக் கற்பிப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகளாகக் கருதப்பட்டன.

இம்முறையிலும் குறை உண்டு. கட்டணம் செலுத்த இயலாத பல்கலைக்கழகங்கள் உறுப்பினருக்கு மட்டுமான தொகுதிகளைப் பெற இயலாது. இந்தியா பின்பற்றிய வழி இதற்கு மாறானது: கட்டணம் நீக்கப்பட்டது, ஆனால் வளாகப் பொறுப்பாளரும் தொடர் பயிற்சியும் அமைப்பின் பகுதியாக்கப்படவில்லை. கோப்பு பொதுவானது, அதனைப் படிக்கும் திறன் சில பெருநகர நிறுவனங்களிலேயே தங்கிவிட்டது.

மற்றொரு சிக்கல் தரவின் இருப்பிடம் குறித்தது. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, 2004-05இல் 41,554 குடும்பங்களையும் 2011-12இல் 42,152 குடும்பங்களையும் ஆராய்ந்தது. அதன் தரவு மேற்கூறிய மிச்சிகன் களஞ்சியத்தில் அனைவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் தரவையோ ஆய்வாளர் பலர் அமெரிக்க அரசு நிதியில் இயங்கிய மக்கள்தொகை மற்றும் நல ஆய்வுத் திட்டத்தின் வழியாகவே பெற்றுவந்தனர். 2025இன் தொடக்கத்தில் அந்நிதி நிறுத்தப்பட்டபோது அத்திட்டத்தின் பணிகள் தடைப்பட்டன. புதிய பயனர் பதிவும் நின்றது. இந்தியக் குடும்பங்கள் அளித்த விடைகளை இந்திய மாணவர் படிப்பது, வேறொரு நாட்டின் நிதி முடிவைச் சார்ந்திருந்ததை இந்நிகழ்வு காட்டியது.

பகிர்வு சாதித்தது என்ன?

அலகுநிலைத் தரவைப் பகிர்வதன் பயனை விளக்க வறுமை குறித்த விவாதமே சிறந்த சான்று. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55ஆம் சுற்று 1999-2000இல் நடைபெற்றது. அதன் அடிப்படையில் வறுமை விகிதம் 1993-94இல் இருந்த சுமார் 36 சதவீதத்திலிருந்து சுமார் 26 சதவீதமாகக் குறைந்தது என அரசு அறிவித்தது. ஆனால் அச்சுற்றில் உணவுச் செலவை ஒரே குடும்பத்திடம் ஏழு நாள் கணக்கிலும் முப்பது நாள் கணக்கிலும் அடுத்தடுத்துக் கேட்டிருந்தனர். குறுகிய காலத்தை நினைவுகூரும்போது செலவு கூடுதலாகப் பதிவாவது இயல்பு. ஒரு விடை மற்றதைப் பாதித்திருந்தால் முப்பது நாள் செலவும் உயர்ந்திருக்கும். வறுமை குறைந்ததாகத் தோன்றும். ஆங்கஸ் டீட்டன், கே. சுந்தரம், சுரேஷ் டெண்டுல்கர், அபிஜித் சென் உள்ளிட்டோர் இதனைப் பல கோணங்களில் ஆராய்ந்து வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தனர். அக்கட்டுரைகள் பலவற்றை டீட்டனும் வலேரி கோசெலும் 2005இல் நூலாகத் தொகுத்தனர்.

அறிக்கையின் அட்டவணைகளோடு நின்றிருந்தால் இவ்விவாதம் இவ்வளவு தொலைவு சென்றிராது. குடும்பவாரியான பதிவும், எந்த வினா எவ்வடிவில் கேட்கப்பட்டது என்னும் செய்தியும் ஆய்வாளர் கையில் இருந்தமையால்தான் அரசின் எண்ணை மறுபரிசீலிக்க முடிந்தது. மாறாக, 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைத் தரவின் தரம் குறித்த ஐயத்தைக் காரணம் காட்டி வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் அமைச்சகம் அறிவித்தது. தரம் குறைவாயின் அதனை நிறுவுவதற்கும், அன்றாயின் மறுப்பதற்கும் தேவையான சான்று ஒன்றே. அச்சான்று ஆய்வுலகுக்குக் கிடைக்கவில்லை. முறையில் குறையுள்ள தரவும் பகிரப்பட்டால் அறிவைத் தரும் என்பதற்கு 55ஆம் சுற்றே சான்று.

கோப்பைத் திறந்த பின்னர்

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் கோப்பை முதன்முறை திறக்கும் மாணவர் காண்பது இடைவெளியற்ற எண்வரிசை. எந்த இடத்திலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தனியொரு அமைப்புக் கோப்பைக் கொண்டே அறியவேண்டும். பல சுற்றுகளில் பெருக்கி எண்ணை அப்படியே எடையாகக் கொள்ளலாகாது. அதனை நூறாலோ இருநூறாலோ வகுக்க வேண்டும். எதனால் வகுப்பது என்பது துணைமாதிரி குறித்த வேறு இரு எண்கள் ஒத்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. எடையைப் பயன்படுத்தாமலே சராசரி கண்டால், வசதியுள்ள குடும்பங்கள் தனியே பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட சுற்றுகளில் சராசரிச் செலவு மிகைப்படும். பிழையான விடை கணினியில் எவ்வித எச்சரிக்கையுமின்றிக் கிடைக்கும்.

இத்தகைய நுட்பங்கள் ஆவணங்களில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் அவை ஆங்கிலத்தில், முன்பயிற்சி உடையோரை நோக்கி எழுதப்பட்டவை. தமிழ்வழியில் பொருளியலும் சமூகவியலும் பயிலும் மாணவர்க்கு அவற்றை எடுத்துரைக்கும் கையேடு வேண்டும். அதனை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே எழுத இயலாது. வளாகங்கள் முதலில் பகிர்ந்துகொள்ள வேண்டியது இக்கற்பித்தல் பணியையே.

தமிழில் கேட்கப்பட்ட வினா

கள ஆய்வில் வினா தமிழில் கேட்கப்படுகிறது. விடை தமிழில் சொல்லப்படுகிறது. களஞ்சியத்தில் இருப்பதோ ஆங்கிலத் தலைப்பும் எண்ணும். இடையில் நிகழ்ந்த மொழிமாற்றம் பெரும்பாலும் பதிவாவதில்லை.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பது வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுக்களையில் உண்போர் என வரையறுக்கப்படுகிறது. களப்பணியாளர் ‘உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?’ என்று கேட்டால், திருப்பூரில் தங்கி வேலைசெய்யும் மகனையும் சேர்த்துச் சொல்பவர் உண்டு. அதே கூரையின்கீழ்த் தனியே உலைவைத்து உண்ணும் தாயை, வரையறைப்படி வேறு குடும்பமாயினும், தம் குடும்பமாகவே சொல்வதும் உண்டு. ‘ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் எத்தனை பேர்?’ என்று கேட்டால் விடை மாறலாம். குடும்ப அளவு மாறினால் தலைக்குரிய செலவும் மாறும்.

பெண்களின் உழைப்புக் குறித்த பதிவிலும் இதே சிக்கல் எழுகிறது. வீட்டுப்பணி மட்டும் செய்வோர்க்குக் குறியீடு 92. வீட்டுப்பணியோடு விறகு, தீவனம் முதலியவற்றை வீட்டுத் தேவைக்குத் திரட்டுதல், தையல் போன்றவற்றைச் செய்வோர்க்குக் குறியீடு 93. குடும்பத்தின் கால்நடைத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவரோ உழைப்போர் வரிசையில் சேரவேண்டியவர். ‘வேலைக்குப் போகிறீர்களா?’ என்னும் வினாவுக்கு, ஆடு மேய்த்து விறகு சுமந்து வரும் பெண்ணும் ‘இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று விடையளிக்கக்கூடும். தமிழில் ‘வேலைக்குப் போதல்’ என்பது கூலிக்கோ சம்பளத்திற்கோ வெளியே செல்வதையே பெரிதும் குறிக்கும். தொடர்வினா இன்றி 92 என்று எழுதிவிட்டால் அவருடைய உழைப்பு தரவிலிருந்து மறைகிறது. பின்னர் வரும் ஆய்வாளர் எவ்வளவு நுண்ணிய புள்ளியியல் முறையைக் கையாண்டாலும் அதனை மீட்க இயலாது. ஆகவே களத்தில் பயன்பட்ட தமிழ் வினாவடிவத்தைத் தரவின் பகுதியாகவே சேமிக்க வேண்டும். வட்டார வழக்கும் சொற்பொருளும் அறிந்த தமிழ்த்துறையினர் சமூக அறிவியல் துறையினரோடு இணைந்து பணியாற்ற வேண்டிய களமும் இதுவே.

பல்கலைக்கழகத்தின் சொந்தத் தரவு

அரசுத் தரவு திறக்கப்பட்டிருக்க, பல்கலைக்கழகங்கள் தாமே திரட்டிய தரவின் நிலை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை வினாநிரலுடன் சொந்த ஊர்களுக்கு அனுப்பினார். அதன் விளைவாகத் தென்னிந்தியக் கிராமங்கள் சில பற்றிய நூல் 1918இல் வெளிவந்தது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அக்கிராமங்களை 1930களில் மீண்டும் ஆராய்ந்து 1940இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டை எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 1916 முதல் 2008 வரையிலான அவ்வூரின் நிலம், உழைப்பு, சாதி அரசியல் குறித்த கட்டுரையை 2010இல் வெளியிட்டனர்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுத் தொடர்ச்சியுடைய இவ்வாய்வு மரபு மாணவர்களின் பயிற்சிப் பணியிலிருந்து தொடங்கியது என்பது நினைக்கத்தக்கது. ஊர்ப்பெயரும் திரட்டிய செய்தியும் பின்வந்தோர்க்குக் கிடைக்குமாறு அச்சானமையே தொடர்ச்சிக்கு வழிசெய்தது. இன்று ஆண்டுதோறும் மாணவர் திரட்டும் செய்தி ஸ்லேட்டரின் மாணவர் திரட்டியதினும் பன்மடங்கு மிகுதி. ஆனால் அவர்கள் சென்ற ஊருக்கு அவர்களது தரவுடன் மீண்டும் செல்ல வழியில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் ஆய்வேடுகள் மின்வடிவில் ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. இது பெரும்பயன் விளைத்த ஏற்பாடு. எனினும் அங்குச் சேர்வது ஆய்வேடே. நிரப்பப்பட்ட வினாநிரலோ குறியீட்டு ஏடோ தரவுக் கோப்போ சேர்வது கட்டாயமன்று. ‘பதிலளித்தோரில் 62 சதவீதத்தினர்’ என்றொரு தொடரை ஆய்வேட்டில் படிப்பவர் அவ்வெண்ணைச் சரிபார்க்கவோ, அதே தரவை வேறு வினாவுக்குப் பயன்படுத்தவோ இயலாது. நாட்டார் வழக்காறு, கிளைமொழி குறித்த களப்பதிவுகளின் நிலையும் இதுவே.

தரவை வழங்கத் தயங்குவோர் கூறும் காரணங்கள் இரண்டு. முதலாவது, பிறர் தம் உழைப்பை எடுத்துக்கொள்வர் என்னும் அச்சம். இது நியாயமானது, குறிப்பிட்ட காலம்வரை முதல் பயன்பாட்டு உரிமையைத் திரட்டியவர்க்கே அளிப்பதாலும் தரவை மேற்கோளிடுவதைக் கட்டாயமாக்குவதாலும் இதனைத் தீர்க்கலாம். இரண்டாவது வெளிப்படையாகக் கூறப்படாதது: களத்திற்குச் செல்லாமலே நிரப்பப்படும் வினாநிரல்கள் வெளிப்பட்டுவிடும் என்பது. பகிர்வைக் கட்டாயமாக்குவதற்கு இதனினும் வலுவான காரணம் வேண்டுவதில்லை.

பெயர் மறைத்தலின் எல்லை

தகவல் அளித்தோரின் பாதுகாப்பு குறித்த எதிர்வாதமே உண்மையில் கடினமானது. சிற்றூர் ஒன்றில் சாதி, தொழில், நில அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் பெயரின்றியே ஆளை அடையாளம் காணலாம். ஓரூரில் ஒரே சலவைத் தொழிலாளர் குடும்பம் இருக்குமாயின் பெயரை நீக்குவதால் பயனில்லை. கூலி, கடன், தீண்டாமை குறித்து அவர்கள் அளித்த விடை நில உடைமையாளர் கையில் சேர்ந்தால் அதன் விளைவை அனுபவிப்பவர் ஆய்வாளர் அல்லர். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு தன் பொதுக்கோப்பில் ஊர்ப்பெயரை மறைத்தது இதனால்தான். ஆனால் அனைவரும் அவ்வாறே மறைத்தால் இருவேல்பட்டு போன்ற மீளாய்வு நிகழ இயலாது.

இம்முரணுக்குப் பொதுவான ஒரு விதி தீர்வாகாது. அணுகலைப் படிநிலைப்படுத்துவதே வழி. வினாநிரலும் குறியீட்டு ஏடும் அனைவர்க்கும் திறந்திருக்கலாம். அடையாளம் நீக்கிய கோப்பு பதிவுசெய்த ஆய்வாளர்க்கும் மாணவர்க்கும் கிடைக்கலாம். ஊரைக் காட்டும் கோப்பு, பல வளாகத்தார் அடங்கிய அறநெறிக் குழுவின் ஒப்புதலோடு மட்டுமே வழங்கப்படலாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளியியல் நோக்கங்களுக்கு நிபந்தனையுடன் விலக்களிக்கிறது. அவ்விலக்கைப் பொறுப்புடன் பயன்படுத்தும் நெறிமுறையைப் பல்கலைக்கழகங்கள் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

அரசு தன் தரவைத் திறந்த அளவுக்குப் பல்கலைக்கழகங்கள் தம் தரவைத் திறக்கவில்லை. திறந்த அரசுத் தரவைக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்யவில்லை. இவற்றைச் சரிசெய்யப் பெருநிதி தேவையில்லை. கள ஆய்வின் அடிப்படையில் எழும் ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் வினாநிரலின் தமிழ் வடிவம், குறியீட்டு ஏடு, அடையாளம் நீக்கிய கோப்பு ஆகிய மூன்றையும் பெறுமாறு விதிமுறையைத் திருத்தலாம். முதுகலைப் பாடத்திட்டத்தில் ஒரு தாளையேனும் பொதுத்தரவொன்றின் அடிப்படையில் அமைக்கலாம். அதற்கான தமிழ்க் கையேட்டைப் பல வளாகத்து ஆசிரியர்கள் கூடி எழுதலாம். விதிமுறை திருத்தப்படும்வரை காத்திராமல், நெறியாளர் தம் மேற்பார்வையிலுள்ள ஆய்வுகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம்: வினாநிரலின் தமிழ் வடிவத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முழுமையாகத் தருமாறு கோருவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.